குழந்தை செக்கப்புக்கு வரும் பெற்றோர்: கொஞ்சலையும் பேச்சையும் வளர்க்க எந்த வழி நல்லது?

குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் ஒரு குடும்பம் பத்துத் தடவையாவது மருத்துவரிடம் வந்துவிடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணையில் பிறந்த சில நாளில் ஒன்று, ஒரு மாதத்துக்குள் ஒன்று, அப்புறம் 2, 4, 6, 9, 12, 15, 18, 24 மாதங்களில் ஒவ்வொன்று என்று வரிசையாக இருக்கிறது. மற்ற நாடுகளில் எண்ணிக்கை முன்பின் இருக்கும். ஆனால் தடுப்பூசி இருக்கும்வரை குடும்பம் வந்துகொண்டேதான் இருக்கும். பள்ளியில் சேர்க்கும்வரை ஒரு குழந்தையையும் அதன் பெற்றோரையும் இத்தனை முறை சேர்த்துப் பார்க்கும் ஆள் வேறு யாரும் கிடையாது.

வந்தால் என்ன நடக்கிறது? எடை, உயரம், தலைச் சுற்றளவு, ஊசி, மருந்துச் சீட்டு. முடிந்தது. இந்த இடைவெளியில் அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு பேசுவதையும் விளையாடுவதையும் கொஞ்சம் தூண்டிவிட முடியுமா? முடியும் என்று பல நாடுகளில் செய்து பார்த்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் எடுத்த வழிகள் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறு. ஒரு வழிக்கு மருத்துவரின் இரண்டு நிமிடம் போதும். இன்னொன்றுக்குத் தனியாக ஒரு ஆளையே வேலைக்கு வைக்க வேண்டும். தங்கள் கிளினிக்கில் எதை ஆரம்பிப்பது என்று யோசிக்கும் மருத்துவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் நிர்வாகிகளுக்கும்தான் இந்த ஒப்பீடு. பெற்றோர் படித்தாலும் நஷ்டமில்லை, தங்கள் மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரியும்.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன், அங்கேயே, தங்கள் குழந்தையோடு ஏதாவது ஒன்றைச் செய்தார்களா? செய்ததை யாராவது கவனித்து அவர்களிடம் சொன்னார்களா? இந்த இரண்டு கேள்விக்கும் ஆமாம் என்று பதில் வரும் வழிகளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். விலையும் நேரமும் அதற்கு அப்புறம்தான்.

எதைக் கூட்டப் பார்க்கிறோம்

1970களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு வழக்கம்போலக் கொஞ்சிப் பேசுவார். பிறகு சில நிமிடம் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் குழந்தையையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், குரல் கொடுக்கும், கையை நீட்டும். எதற்கும் பதில் வராவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும். பேச்சே வராத வயதில்கூடத் தன் குரலுக்கு ஒரு பதில் வரும் என்று குழந்தை எதிர்பார்க்கிறது.

அந்தப் பதிலைத்தான் கூட்டப் பார்க்கிறோம். குழந்தை ஒரு சத்தம் போட்டால் அதற்கு ஒரு மறுசத்தம். எதையாவது உற்றுப் பார்த்தால் அதைப் பற்றி இரண்டு வார்த்தை. சலித்துப்போய்த் தலையைத் திருப்பினால் கொஞ்ச நேரம் சும்மா விடுவது, இதுவும் பதில்தான். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் உலக வங்கியும் சேர்ந்து 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சிறு குழந்தைக்கு வேண்டியவை ஐந்து என்றார்கள்: ஆரோக்கியம், போதிய ஊட்டம், பாதுகாப்பு, ஆரம்ப வயதில் கற்கும் வாய்ப்பு, குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் பராமரிப்பு. முதல் இரண்டையும் செக்கப் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. கடைசி இரண்டும்தான் விட்டுப்போகிறது.

காகிதம், போஸ்டர், மெசேஜ்

கிளினிக்குகள் முதலில் எடுக்கும் வழி இதுதான். "குழந்தையோடு பேசுங்கள், பாடுங்கள், விளையாடுங்கள்" என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது, கையில் ஒரு தாள் கொடுப்பது, போனுக்கு மெசேஜ் அனுப்புவது. மலிவு, யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது.

என் அளவுகோலில் இது தோற்றுப்போகும். தாளை வாங்கியவர் குழந்தையோடு அங்கே எதுவும் செய்வதில்லை, செய்தாலும் பார்க்க ஆளில்லை. படிப்பு குறைவாக உள்ளவர்களுக்குத் தாள் எட்டவே எட்டாது. அடுத்த வருகை எப்போது, இந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று நினைவுபடுத்த மெசேஜ் உதவும். வேறு ஒரு வழியோடு ஒட்டிக்கொண்டு வந்தால் வைத்துக்கொள்ளலாம். இதை மட்டும் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

பார்த்ததை வாய்விட்டுச் சொல்வது

இதற்குப் பொருள் எதுவும் வேண்டாம். பரிசோதனை அறையில் மருத்துவரோ நர்ஸோ குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே நடக்கும் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்து அதைப் பெற்றோரிடம் சொல்வது, அவ்வளவுதான். கேட்க அற்பமாக இருக்கும். நான் பார்த்தவரை மிக அதிகமாகக் குறைத்து மதிப்பிடப்படும் வழி இதுதான்.

சொல்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "நல்லா பாத்துக்கறீங்க" என்றால் அது மரியாதைப் பேச்சு, வாசலைத் தாண்டியதும் மறந்துபோகும். "நீங்க பேச ஆரம்பிச்சதும் அவன் அழுகையை நிறுத்திட்டு உங்க வாயையே பாக்குறான், கவனிச்சீங்களா?" என்றால் அம்மாவுக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. குழந்தை என்ன செய்தது, அது தன்னால் நடந்தது. ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்துப் பயந்த ஒரு வயதுக் குழந்தை அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டால், "புது ஆளைப் பாத்ததும் உங்ககிட்ட வர்றா, நீங்க இருந்தா பயமில்லைன்னு தெரிஞ்சு வச்சிருக்கா" என்று சொல்லலாம். பெரும்பாலான அப்பாக்கள் அந்த இடத்தில் "சும்மா இரு, பயப்படாதே" என்று குழந்தையை அதட்டத்தான் தயாராக இருப்பார்கள். அந்த அதட்டல் வருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

குழந்தை மருத்துவர்கள் பலர் குழந்தையைச் சிரிக்க வைப்பதில் கெட்டிக்காரர்கள். இங்கே அந்தத் திறமையே இடைஞ்சலாகிவிடும். மருத்துவர் விதவிதமாக ஒலி எழுப்புகிறார், குழந்தை சிரிக்கிறது, பெற்றோர் வேடிக்கை பார்க்கிறார்கள். டாக்டருக்கு என் குழந்தையைப் பிடித்திருக்கிறது என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போகிறார்கள், கையில் புதிதாக ஒன்றும் இல்லாமல். அதையே மருத்துவர் ஒதுங்கி நின்று, "நீங்க கூப்பிட்டுப் பாருங்க" என்று அம்மாவிடம் விட்டால் கதை வேறு.

பிறந்த குழந்தையிடம் இதைச் செய்ய ஒரு நீண்ட மரபே இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி ப்ரேஸல்டன் பிறந்த குழந்தையின் நடத்தையை மதிப்பிடும் முறையை 1973இல் வெளியிட்டார். ஒரு பக்கம் அவர், இன்னொரு பக்கம் அம்மா. இரண்டு பேரும் குழந்தையிடம் பேசுவார்கள். குழந்தை அம்மா பக்கம் திரும்பும்போது அம்மாவின் முகத்தில் வரும் மாற்றத்துக்காகவே அவர் அதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். அதன் வழியில் கெவின் நியூஜென்ட்டும் அவரோடு இருந்தவர்களும் 18 கவனிப்புகள் கொண்ட ஒரு சுருக்கமான முறையை உருவாக்கினார்கள். அது பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்வதற்கே ஆனது. மதிப்பெண் கிடையாது. வெளிச்சம் பட்டால் குழந்தை என்ன செய்கிறது, கிலுகிலுப்பைச் சத்தத்துக்கு எப்படிப் பழகுகிறது, அழுதால் எதில் அடங்குகிறது என்று சேர்ந்து பார்ப்பார்கள். முதல் வருகையில் பெற்றோரிடம், "உங்க முகத்தை ஒரு சாண், ஒன்றரைச் சாண் தூரத்துல வச்சுப் பேசுங்க, இப்போதைக்கு அந்தத் தூரம்தான் அவளுக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்லி அங்கேயே செய்ய வைக்க அரை நிமிடம் ஆகும்.

இதில் மருத்துவருக்கும் ஆதாயம் உண்டு. அம்மா கூப்பிட்டும் திரும்பாத குழந்தைக்குச் செவித்திறனைப் பார்க்க வேண்டும் என்று அப்போதே தோன்றும். ஒன்றரை வயதில் எதையும் விரலால் சுட்டிக்காட்டாத குழந்தை, பேர் சொன்னால் திரும்பாத குழந்தை, இதெல்லாம் கேள்வித்தாளில் டிக் போடும் நேரத்தைவிட இப்படிப் பார்க்கும்போது சீக்கிரம் கண்ணில் படும்.

குறை என்ன? ஆளைச் சார்ந்தது. ஒருவர் அழகாகச் செய்வார், அடுத்த அறையில் இருப்பவர் செய்யமாட்டார். கூட்டம் அதிகமான நாளில் முதலில் காணாமல் போவது இதுதான். ஏனென்றால் செய்யவில்லை என்றால் யாருக்கும் தெரியாது, எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது ஊசி போடும் நேரம். பெற்றோரும் குழந்தையும் அந்த வருகையிலேயே அதிகமாக ஒட்டிக்கொள்ளும் நிமிடம் அது, அதை நாம் வீணடிக்கிறோம். குழந்தையை மேசையில் படுக்க வைத்து நர்ஸ் அமுக்கிப் பிடிக்க, அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டு நிற்பதுதான் பல இடங்களில் வழக்கம். தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரை வேறு மாதிரி: பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், கைக்குழந்தையை அவர்களே மடியிலோ அணைப்பிலோ வைத்துக்கொள்ள வேண்டும், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஊசியின்போதோ அதற்குச் சற்று முன்போ பால் கொடுக்கலாம். வலியைக் குறைக்கச் சொன்ன பரிந்துரைதான். ஆனால் நம் விஷயத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. அம்மாவின் மடியில் ஊசி போட்டு, அழுகை அடங்கியதும், "உங்க தோள்ல சாய்ச்சதும் எவ்வளவு சீக்கிரம் அடங்கிட்டான் பாத்தீங்களா" என்று நர்ஸ் ஒரு வரி சொன்னால் என் அளவுகோலில் இரண்டு கேள்விக்கும் முழு மதிப்பெண். செலவு பூஜ்யம்.

புத்தகம் கொடுப்பது

1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் ஆரம்பித்தது ரீச் அவுட் அண்ட் ரீட். குழந்தை மருத்துவர் பேரி ஸக்கர்மேனும் ராபர்ட் நீடில்மேனும் அவர்களோடு சேர்ந்த ஆசிரியைகளும் செய்த ஏற்பாடு எளிமையானது. காத்திருப்பு அறையில் தன்னார்வலர்கள் வந்து குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். செக்கப்புக்கு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் வயதுக்கேற்ற ஒரு புதுப் புத்தகம் கிடைக்கும். கூடவே மருத்துவர் சில வார்த்தை சொல்வார். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இது நடக்கிறது. வாசிப்பைச் செக்கப்பின் ஒரு பகுதியாகவே ஆக்க வேண்டும் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் கொள்கையாக அறிவித்தது. புத்தகம் கிடைத்த குடும்பங்களில் குழந்தைக்கு வாசித்துக் காட்டுவது கூடியது, குழந்தைகளின் சொல்வளமும் மேம்பட்டது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இதில் முழு ரகசியமும் புத்தகத்தை எப்போது கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. கிளம்பும்போது வாசலில் கொடுத்தால் அது பரிசுப்பொருள். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததுமே குழந்தையின் கையில் கொடுத்தால் அடுத்த இரண்டு நிமிடத்தில் ஏகப்பட்ட விஷயம் தெரியும். ஆறு மாதக் குழந்தை நேராக வாயில் வைக்கும். ஒரு வயதில் படத்தைத் தட்டும், புத்தகத்தை அம்மாவிடம் நீட்டும். ஒன்றரை வயதில் கெட்டி அட்டைப் பக்கங்களைத் தானே புரட்டும், படத்துக்குப் பேர் சொல்லப் பார்க்கும். கண், கை, பேச்சு, கவனம் எல்லாவற்றையும் மருத்துவர் ஒரே நேரத்தில் பார்த்துவிடலாம். புத்தகத்தை வாயில் வைப்பதைப் பார்த்து அம்மா பிடுங்கப் போவார். "இந்த வயசுல இதுதான் படிக்கிற முறை" என்று மருத்துவர் சொன்னால் போதும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெற்றோர் புத்தகத்தைப் பார்த்தால் கூச்சப்படுவார்கள், அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். எழுத்தே இல்லாத படப் புத்தகம், அல்லது வீட்டில் பேசும் மொழியில் உள்ள புத்தகம் வேண்டும். "வாசியுங்க" என்று சொல்லாமல் "படத்தைக் காட்டிப் பேசுங்க" என்றால் சங்கடம் தீர்ந்தது. புத்தகத்தின் விலையும், அது தீராமல் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதும்தான் பெரிய பிரச்சினை. நன்கொடைப் பணம் ஒரு வருடம் வரும், அடுத்த வருடம் வராது. இருப்பு தீர்ந்ததும் பேச்சும் நின்றுவிடும் கிளினிக்குகளில் மருத்துவர் புத்தகத்தை நம்பியிருந்தார், பழக்கத்தை நம்பவில்லை என்று அர்த்தம்.

காத்திருப்பு நேரத்தைப் பிடித்துக்கொள்வது

மருத்துவரிடம் நேரமே இல்லை என்பவர்கள் பார்க்க வேண்டிய இடம் காத்திருப்பு அறை. அங்கே நேரம் கொட்டிக் கிடக்கிறது. கரீபியனில் ஜமைக்கா, ஆன்டிகுவா, செயின்ட் லூசியா ஆகிய இடங்களின் சுகாதார நிலையங்களில் இதை முறையாகச் செய்து பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைக்கு 3 மாதம் முதல் 18 மாதம் வரையிலான ஐந்து வருகைகளில், காத்திருக்கும் பெற்றோருக்குச் சின்னச் சின்னக் குறும்படங்கள் போட்டுக் காட்டப்பட்டன. குழந்தையோடு பேசுவது, பாராட்டுவது, குளிப்பாட்டும்போது விளையாடுவது, வீட்டுப் பொருளில் பொம்மை செய்வது என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விஷயம். படம் முடிந்ததும் சுகாதாரப் பணியாளர் பெற்றோரோடு அதைப் பற்றிப் பேசி, அங்கேயே செய்து பார்க்கவும் வைப்பார். நர்ஸ் உள்ளே அதை நினைவுபடுத்தி ஓர் அட்டை கொடுப்பார். 18 மாதத்தில் சோதித்தபோது இந்தக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சி ஓரளவு மேலாக இருந்தது, பெற்றோருக்கு விவரமும் கூடியிருந்தது. மொழி வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம்.

இதைப் படித்துவிட்டு, சரி, ஒரு டிவியை மாட்டிப் படத்தை ஓடவிடுவோம் என்று கிளம்பினால் வேலைக்கு ஆகாது. அங்கே வேலை செய்தது படமும் அதற்குப் பிறகு பேசிய ஆளும் சேர்ந்து. ஆளை எடுத்துவிட்டால் அது அசையும் போஸ்டர். ஏற்கெனவே கார்ட்டூன் ஓடும் டிவி இருந்தால் அதை முதலில் அணைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்க, கிளினிக்கே திரையைக் காட்டிக் குழந்தையை உட்கார வைப்பது வேடிக்கைதான். படம் பெற்றோருக்கு. அது ஓடும் சில நிமிடம் தவிர மற்ற நேரம் திரை இருட்டாக இருக்கட்டும்.

கையில் அட்டையோடு ஒரு நர்ஸ்

யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் உருவாக்கிய கேர் ஃபார் சைல்ட் டெவலப்மென்ட் என்ற முறை, மருத்துவரைவிட நர்ஸுக்கும் சுகாதாரப் பணியாளருக்கும் அதிகம் பொருந்தும். ஓர் ஆலோசனை அட்டை. அதில் வயதுவாரியாக ஒரு விளையாட்டு, ஒரு பேச்சுப் பழக்கம். ஆனால் அட்டையைப் படித்துக் காட்டுவது வேலை அல்ல. முதலில் பார்க்க வேண்டும்: குழந்தை அசைந்தால் அம்மா கவனிக்கிறாரா, எப்படித் தேற்றுகிறார், எப்படித் திருத்துகிறார். பிறகு கேட்க வேண்டும்: "பாப்பாவோட எப்படி விளையாடுவீங்க? எப்படிப் பேசுவீங்க? அவளை எப்படிச் சிரிக்க வைப்பீங்க?" ஏற்கெனவே செய்வதைப் பாராட்டி, ஒரே ஒரு புது விஷயத்தைச் சொல்லி, அங்கேயே செய்ய வைத்து, வீட்டில் என்ன இடைஞ்சல் வரும் என்று பேசி அனுப்ப வேண்டும். பொம்மை வாங்கச் சொல்வதில்லை. கிண்ணம், மூடி, கரண்டி போதும்.

துருக்கியின் அங்காராவில் இதைக் காய்ச்சல், சளி என்று வந்த இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் முயன்றார்கள், 2006இல் முடிவு வெளியானது. ஒரு மாதம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, ஆலோசனை பெற்ற வீடுகளில் கையால் செய்த பொம்மைகள் அதிகம் இருந்தன, குழந்தைக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொன்னவர்களும் அதிகம். உடம்பு சரியில்லாத குழந்தையோடு வந்தவர்களே கேட்டுக்கொண்டார்கள் என்றால், சும்மா எடை பார்க்க வந்தவர்கள் கேட்கமாட்டார்களா?

பணம் குறைவு, நர்ஸ் உண்டு, குடும்பங்கள் அதிகம் என்ற இடத்துக்கு எனக்குத் தோன்றும் முதல் தேர்வு இதுதான். பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பிறகு யாராவது அவ்வப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும். இல்லாவிட்டால் சில மாதத்தில் கேள்விகள் உதிர்ந்து அட்டை வாசிப்பு மட்டும் மிஞ்சும்.

வீடியோ எடுத்துச் சேர்ந்து பார்ப்பது

நான் படித்ததிலேயே மனதைக் கவர்ந்த வழி இது. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஆலன் மெண்டல்சன் குழுவினர் 1990களின் இறுதியில் தொடங்கிய வீடியோ இன்டராக்‌ஷன் ப்ராஜெக்ட். செக்கப்புக்கு வரும் அதே நாளில் பயிற்சி பெற்ற ஒருவர் குடும்பத்தோடு அரை மணி நேரம் போல இருப்பார். ஒரு பொம்மையோ புத்தகமோ கொடுப்பார், அது வீட்டுக்குத்தான். பெற்றோரும் குழந்தையும் அதை வைத்து விளையாடுவதைச் சில நிமிடம் வீடியோ எடுப்பார். உடனே சேர்ந்து உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். நல்லதாக நடந்த இடத்தில் நிறுத்துவார்: "இங்க அவன் சத்தம் போட்டான், நீங்களும் அதே சத்தம் போட்டீங்க. அடுத்து என்ன பண்றான் பாருங்க." பதிவின் ஒரு பிரதியும் வீட்டுக்குப் போகும், வராதவர்களுக்குக் காட்ட.

குழந்தையோடு விளையாடும்போது யாருக்கும் தன் முகம் தெரியாது. "எனக்கு விளையாடவே வராது" என்று நம்பிக்கொண்டிருக்கும் அம்மா, தான் சிரித்ததும் குழந்தை சிரிப்பதைத் திரையில் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். மருத்துவர் வாயால் எவ்வளவு சொன்னாலும் அந்த அளவுக்கு எடுபடாது.

ஆய்வு ஆதாரமும் இதற்கு வலுவாக இருக்கிறது. அதே மருத்துவமனையில் இந்த முறையையும், வீட்டுக்குத் தபாலில் செய்தி மடலும் பொம்மையும் அனுப்பும் இன்னொரு முறையையும், வழக்கமான செக்கப்பையும் ஒப்பிட்டார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது பெற்றோர் குழந்தையோடு ஈடுபடுவது வீடியோ முறையில்தான் மிக அதிகமாக இருந்தது. தபால் முறைக்கும் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் இந்த அளவுக்கு இல்லை. பின்னால் 2018இல் வந்த ஆய்வில், இந்தக் குழந்தைகளிடம் மிதமிஞ்சிய துறுதுறுப்பு குறைவாக இருந்ததாகவும் தெரிந்தது.

ஆனால் எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்கமாட்டேன். தனி அறை வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அரை மணி நேரம் கொடுக்கக்கூடிய ஆள் வேண்டும், அதே ஆள் அடுத்த வருகையிலும் இருக்க வேண்டும். கேமரா என்றால் சில குடும்பங்கள் தயங்கும். வீடியோ எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். பெற்றோரின் சொந்தப் போனிலேயே எடுத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். இன்னொன்று, பயிற்சி இல்லாதவர் கையில் இது ஆபத்து. வீடியோவை நிறுத்தி "இங்க தப்புப் பண்ணிட்டீங்க" என்று ஒரு முறை சொன்னால் அந்தக் குடும்பம் அடுத்த முறை வராது.

தனி ஆள், கூட்டுச் செக்கப்

1990களின் நடுவில் அமெரிக்காவில் தொடங்கிய ஹெல்தி ஸ்டெப்ஸ், குழந்தை வளர்ச்சி தெரிந்த ஒருவரைக் கிளினிக்கின் குழுவிலேயே சேர்த்துக்கொள்கிறது. செக்கப்பில் உடன் இருப்பார், போனில் சந்தேகம் கேட்கலாம், தேவைப்பட்டால் வீட்டுக்கும் வருவார். ஆய்வில், பெற்றோர் குழந்தையைக் கடுமையாகத் தண்டிப்பது குறைந்தது, தடுப்பூசியும் செக்கப்பும் நேரத்துக்கு நடந்தன. தூக்கம், அழுகை, அடம், அம்மாவின் மனநிலை என எல்லாம் கலந்து வரும் குடும்பங்களுக்கு இதற்கு ஈடு இல்லை. சம்பளம் கொடுக்க வழி இருந்தால்.

ஒரே வயதுக் குழந்தைகள் உள்ள சில குடும்பங்களை ஒன்றாக வரவழைத்துச் செக்கப் செய்யும் முறையும் உண்டு. ஒரு பெற்றோர் செய்வதை இன்னொருவர் பார்த்துக் கற்பது இதில் பெரிய லாபம். நேர ஒழுங்கு தவறினால் மொத்தமும் குலைந்துவிடும். எல்லோரும் ஒரே நேரத்துக்கு வருவார்கள் என்று நம்பக்கூடிய இடமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

சரி, எதை எடுப்பது?

யாருடைய நிமிடங்கள் கையில் இருக்கின்றன என்று பார்த்தால் முடிவு தானாக வரும். மருத்துவர் ஒருவர்தான், உதவிக்கு ஆள் குறைவு என்றால், பார்த்ததைச் சொல்வதும் மடியில் ஊசியும் நாளைக்கே ஆரம்பிக்கலாம். அதோடு புத்தகத்துக்குப் பணம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் கிளினிக்கில் இருக்கும் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தையே ஒவ்வொரு குழந்தைக்கும் கொடுத்து வாங்கித் துடைத்து வைக்கலாம். கூட்டம் அதிகமான பெரிய மருத்துவமனை என்றால் காத்திருப்பு அறையில் ஒரு பணியாளர், எடை பார்க்கும் இடத்தில் அட்டையோடு நர்ஸ். மருத்துவரை இதில் இழுக்கவே வேண்டாம், அவர் உள்ளே ஒரு வரி நினைவுபடுத்தினால் போதும். நிதியும் இடமும் உள்ள இடம், குறிப்பாக வறுமையில் வாடும் குடும்பங்கள் அதிகம் வரும் இடம் என்றால், வீடியோ முறைக்கு ஆள் வைப்பது நல்ல முதலீடு. ஆள் ஓரிரு வருடமாவது நிலைப்பார் என்ற உறுதி இருந்தால் மட்டும்.

புத்தகமா, அட்டையா என்று கேட்டால்? நர்ஸுக்குப் பயிற்சி கொடுக்க முடிகிற இடத்தில் நான் அட்டைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். புத்தகம் தீரும், அட்டை தீராது.

எந்த வழியை எடுத்தாலும் ஒன்றில் கவனம் வேண்டும். குழந்தையோடு ஒட்டாமல், முகத்தைப் பார்க்காமல், எந்தக் கேள்விக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் அம்மாவிடம் "இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்று அறிவுரை சொல்லக் கூடாது. அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்தச் சோர்வைக் கண்டறிய 1987இல் வந்த எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளில் பத்தே கேள்விகள். காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். அவருக்கு முதலில் வேண்டியது சிகிச்சையும் துணையும், விளையாட்டு யோசனை அதற்கு அப்புறம். அப்பாவுக்கும் இந்தச் சோர்வு வரும், அதை யாரும் கேட்பதே இல்லை.

ஆரம்பித்தபின் அது ஓடுகிறதா என்று பார்க்கவும் எளிய வழி இருக்கிறது. எத்தனை புத்தகம் போனது, எத்தனை அட்டை தீர்ந்தது என்ற கணக்கு வேண்டாம், அது பொருளின் கணக்கு. கூட்டம் அதிகமான ஒரு தடுப்பூசி நாளில் யாராவது ஒருவர் அறையின் மூலையில் அரை நாள் உட்கார்ந்து ஒன்றை மட்டும் குறிக்கட்டும்: வந்த குடும்பங்களில் எத்தனை பேர் கிளம்பும் முன் குழந்தையோடு ஏதாவது செய்தார்கள், எத்தனை பேரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லப்பட்டது? மருத்துவரின் அறையில் அந்த எண்ணிக்கை குறைந்தால் திட்டுவதால் பயனில்லை, வேலையை எடை பார்க்கும் நர்ஸிடம் மாற்றிவிட்டு அடுத்த மாதம் மறுபடி எண்ணிப் பார்க்கலாம்.